விட்டுக்கொடுத்து வாங்கிய பார்வை

கண் என்னும் கருவி – 9

சென்ற வாரம் ஆந்தையின் கண்ணைப் பார்த்தோம். அதே இருட்டுதான் இந்த வாரமும். இடம் மட்டும் கடலடி.

பென்குயினுக்குத் தரையில் கிட்டப்பார்வை என்று ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணீருக்குள் மீனைத் துரத்திப் பிடிக்கிற கண், கரையேறினால் கலங்கித்தானே போக வேண்டும் என்பது வாதம். கரையில் நிற்கும் பென்குயின் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து நம்மை உற்றுப் பார்ப்பதையும் இதற்குச் சாட்சியாகச் சொன்னார்கள். விலங்கியல் நூல்களிலும் இது வெகுகாலம் இருந்தது.

ஊகம் அபத்தமானதல்ல. கிணற்றிலோ ஆற்றிலோ முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த மங்கல் தெரியும். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் பெரும்பங்கு நம் கண்ணின் முன்புறக் கண்ணாடியான கார்னியாவுடையது. கண்ணின் மொத்தத் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் 43 கார்னியாவின் கணக்கு. ஆனால் வெளியே காற்று இருந்தால்தான் அது வேலை செய்யும். தண்ணீரும் கார்னியாவுக்குப் பின்னால் இருக்கும் திரவமும் ஒளியை வளைப்பதில் அநேகமாக ஒன்றுபோலத்தான். முங்கிய நொடியில் அந்த 43 டயாப்டரும் போய்விடும். உள்ளே இருக்கும் லென்ஸ் என்ன பாடுபட்டாலும் அதை ஈடுகட்ட முடியாது.

பென்குயின் இதை எப்படிச் சமாளிக்கிறது? கனடாவின் ஜேக்கப் சிவாக் 1976இல் ஆப்பிரிக்கப் பென்குயினை வைத்து எழுதிய கட்டுரை, தலைப்பிலேயே விடையைச் சொல்லியது: தட்டையான கார்னியா. மற்ற இனங்களை அளந்தபோதும் இதே கதைதான். ராஜ பென்குயினின் கார்னியா வளைவின் ஆரம் சுமார் 33 மில்லிமீட்டர். நம்முடையது 8க்கும் குறைவு. அவ்வளவு தட்டையான கண்ணாடிக்குக் காற்றிலேயே சுமார் 10 டயாப்டர்தான் திறன். தண்ணீரில் இறங்கும்போது அது இழப்பதும் அந்தப் பத்தைத்தான். மிச்சப் பாரம் முழுவதும் லென்ஸ் தலையில். அது தன் வளைவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் காரியம் முடிந்தது.

1984இல் சிவாக்கும் ஹவர்ட் ஹவ்லண்டும் பழைய பேச்சை நேரடியாகவே சோதித்தார்கள். கேமரா லென்ஸை ஒட்டி ஒரு பிளாஷ் விளக்கு. பறவையின் கண்ணுக்குள்ளிருந்து திரும்பி வரும் வெளிச்சம் படத்தில் எப்படி விழுகிறது என்பதை வைத்துக் குவியம் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். காற்றிலும் சரி, தண்ணீரிலும் சரி, பென்குயினின் குவியம் சரியாகவே இருந்தது. தலையைச் சாய்ப்பதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கிறது.

இனி நுண்ணோக்கிக்குப் போவோம். கார்னியாவில் புதுமையைத் தேடினால் ஏமாற்றம்தான். மேல்தோல் செல்கள், அதன் அடியில் கொலாஜன் நார்கள் தாள் தாளாக அடுக்கிய பருமனான நடுப்பகுதி, உட்புறத்தில் ஒற்றை வரிசை செல்கள் என்று எல்லாம் பிற பறவைகளுக்கு உள்ளவைதான். பொருள் அதேதான், வளைவுதான் வேறு.

அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் சுவாரசியமானது. நம் கண்பாவையைச் சுருக்குவது வரியில்லாத தசை. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் மெதுவாக இயங்குவது. பறவைகளின் ஐரிஸில் இருப்பது கைகால்களில் உள்ளதுபோன்ற வரித்தசை. நல்ல சாயம் ஏற்றிய ஸ்லைடில் அந்தக் குறுக்குக் கோடுகளை எண்ணிவிடலாம். இதனால் கால்நடை மருத்துவருக்கு ஒரு தலைவலி உண்டு. மனிதக் கண்ணை விரிக்க விடும் அட்ரோபின் சொட்டு பறவையிடம் பலிக்காது. அறுவை அரங்கில் தசையைத் தளர்த்தப் பயன்படும் வகை மருந்தைத்தான் சொட்டாக விட வேண்டியிருக்கிறது.

இந்தத் தசையை ராஜ பென்குயின் பயன்படுத்தும் விதம், எனக்குத் தெரிந்து கண்களின் கதையிலேயே அழகான ஏற்பாடுகளில் ஒன்று. 1999இல் பிரிட்டன் ஆய்வாளர் கிரஹாம் மார்ட்டின் விவரித்தது இது. வெயிலில் நிற்கும்போது அதன் கண்பாவை ஊசித்துளை அளவுக்குச் சுருங்குகிறது. அந்தத் துளை வட்டமாகக்கூட இல்லை, சதுரம்! இருட்டில் அதுவே பெரிய வட்டமாக விரிகிறது. இரண்டு நிலைக்கும் இடையே விழித்திரைக்குப் போகும் ஒளி 300 மடங்கு மாறுகிறது. நம் கண்பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை விரிந்தால் 16 மடங்குதான்.

எதற்கு இவ்வளவு? அதன் சாப்பாட்டைப் பார்த்தால் புரியும். உடலில் சின்னச் சின்ன விளக்குகளைச் சுமந்து திரியும் லாந்தர் மீன்கள்தான் அதற்கு முக்கிய உணவு. பகலில் அவை நூறு மீட்டருக்கும் கீழே இருக்கும். ராஜ பென்குயின் 300 மீட்டர் வரைகூட முங்கும். ஒரு முங்கல் ஐந்து நிமிடத்தைச் சுற்றித்தான் நீடிக்கும். பகல் காட்சிக்குத் தாமதமாகப் போய் இருக்கையைத் தடவியவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் தெரியும். வெளிச்சத்தில் வெளிறிப்போன விழித்திரை இருட்டுக்கு முழுதாகப் பழக நமக்கு அரைமணி நேரமாவது ஆகும். பென்குயினுக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆகவே வெயிலில் நிற்கும்போதே ஊசித்துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒளியை விட்டு, விழித்திரையை அரையிருட்டிலேயே வைத்திருக்கிறது. கீழே போனதும் துளை விரிகிறது. விழித்திரை ஏற்கெனவே தயாராக இருக்கிறது. மார்ட்டின் தந்த விளக்கம் இதுதான்.

அந்த விழித்திரையை ஸ்லைடில் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வழக்கமான முறையில் திசுவை ஆல்கஹாலில் ஊறவைத்து, சைலீனில் போட்டு, மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் சீவி எடுப்பார்கள். குச்சி செல், கூம்பு செல், நரம்பு செல் அடுக்குகள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மிக முக்கியமான ஒன்று மட்டும் காணாமல் போயிருக்கும். பறவையின் ஒவ்வொரு கூம்பு செல்லிலும், ஒளி உணரும் பகுதிக்குச் சற்று முன்னால், சில மைக்ரான் அளவில் ஓர் எண்ணெய்த் துளி உட்கார்ந்திருக்கும். ஆல்கஹாலும் சைலீனும் அதைக் கரைத்துவிடும். எனவே புதிதாக எடுத்த விழித்திரையை, சீவாமல் அப்படியே கண்ணாடித் தகட்டில் விரித்துப் பார்க்க வேண்டும். கோழியின் விழித்திரையை அப்படி விரித்தால் சிவப்பு, மஞ்சள், வெளிர்பச்சை, நிறமற்றது என மணிகள் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொரு மணியும் ஒரு வடிகட்டி. தேவையில்லாத நிறத்தைத் தடுத்து மீதியை உள்ளே விடும்.

1985இல் ஜேம்ஸ் போமேக்கரும் மார்ட்டினும் ஹம்போல்ட் பென்குயினின் தனித்தனி செல்கள் வழியே மெல்லிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, எந்த நிறம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். குச்சி செல்லுக்கு உச்சம் 504 நானோமீட்டர். கூம்புகளில், பறவைகளுக்கு வழக்கமான நான்குக்குப் பதில் மூன்றே வகைகள்: 403, 450, 543. நம் கண்ணில் சிவப்புப் பக்கத்தைக் கவனிக்கும் கூம்பின் உச்சம் 560க்கு மேலே. பென்குயினின் நீண்ட அலைக் கூம்பு 543இல், பச்சையிலேயே நின்றுவிட்டது. கடலுக்குள் சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே கரைந்துவிடுகிறது. நீலமும் பச்சையும்தான் ஆழத்துக்கு இறங்கும். வராத விருந்தாளிக்கு எதற்கு இலை போட வேண்டும்?

மரபணுக்களும் இதையே சொல்கின்றன. பறவைகளின் நான்கு கூம்பு நிறமிகளில் ஆர்எச்2 என்று குறிக்கப்படும் ஒன்று பென்குயின்களிடம் இல்லை. சிவப்பு எண்ணெய்த் துளிக்கான நிறத்தைத் தயாரிப்பது சிஒய்பி2ஜே19 என்ற மரபணு. அதுவும் பென்குயின்களிடம் பழுதாகிக் கிடப்பதை கிறிஸ்டோபர் எமர்லிங் 2018இல் எழுதினார். சிவந்த கிரில்லைத் தின்று எச்சத்தைக்கூட இளஞ்சிவப்பாகப் போடும் அடேலி பென்குயினுக்கும் இதே நிலைதான் என்பது வேடிக்கை. வளைந்த கார்னியா, ஒரு நிறமி, ஒரு வடிகட்டி என்று விட்டுக்கொடுத்துக்கொண்டே போன கண் இது. சேர்த்ததைவிடக் கழித்தது அதிகம்.

எமர்லிங் பட்டியலில் அதே மரபணுவைத் தொலைத்த இன்னும் இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஒன்று, நாம் சென்ற வாரம் பார்த்த ஆந்தை. மற்றொன்று நியூசிலாந்துக் காட்டுத் தரையில் இரவெல்லாம் மூக்கால் மண்ணைக் கிளறித் திரியும் கிவி. பென்குயின் கண்ணைத் தக்கவைத்துக்கொள்ள விட்டுக்கொடுத்தது. கிவியோ கண்ணையே பெரிதாக மதிக்கவில்லை. அந்தப் பறவையிடம் அடுத்த வாரம் போகலாம்.

(தொடரும்)