முதல் முறை ரேஸ் டிராக்கில்: என்ன கொண்டுபோகணும், என்ன கத்துக்கலாம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு டிராக் டே பத்திப் பேசப்போறோம். "எங்கிட்ட 200 சிசி வண்டிதான் இருக்கு, நான் போகலாமா? அது ரேஸ் ஓட்டுறவங்களுக்கான இடமாச்சே?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தாராளமாகப் போகலாம். நானே அப்படி ஒரு வண்டியோடதான் போனேன். ஆனா எதுக்காகப் போறோம் என்று தெளிவா தெரிஞ்சுகிட்டுப் போகணும். அதனால முதல்ல நான் ஏன் போனேன் என்று சொல்லிடறேன்.

கொல்லிமலையில் ஒரு பஸ்

கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு. ஒரு தடவை இறங்கி வரும்போது, இடது பக்கம் திரும்புற ஒரு வளைவில் எதிரில் பஸ் வந்தது. என் வேகம் 40 கூட இருக்காது. பஸ்ஸைப் பார்த்ததும் ஆக்ஸிலேட்டரை டக்குனு மூடினேன், முன் பிரேக்கைப் பிடிச்சேன், கை ரெண்டும் கட்டை மாதிரி விறைச்சுப் போச்சு. வண்டி நிமிர்ந்து, வளைவை விட்டு நேரா பஸ் பக்கமே போச்சு. டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தினதால இன்னைக்கு உங்ககிட்ட பேசிட்டிருக்கேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "ரோட்டைப் பாருய்யா! என்னை ஏன் பாக்குற?" என்று கத்தினார். அப்போ அது வெறும் திட்டாத்தான் காதில் விழுந்தது.

நான் பதினொரு வருஷமா வண்டி ஓட்டுறேன். லைசென்ஸ் எடுக்க எட்டு போட்டதோட சரி, அதுக்கப்புறம் யாரும் எனக்கு எதுவும் சொல்லித் தரலை. நம்மில் பெரும்பாலானவங்க கதை இதுதான். அதனாலதான் வெறும் டிராக் டே இல்லாம, பயிற்சியாளரோட சேர்ந்த ஒரு நாளுக்குப் பதிவு செஞ்சேன்.

எங்கே நடக்கும்?

நம்ம ஊரில் பழைய காலத்து ரேஸ் எல்லாம் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்தது. அப்புறம் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட டிராக் வந்தது. நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, அது இதைவிடச் சின்னது, சுமார் 2.1 கிலோமீட்டர். கீத் கோட் தொடங்கின கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து வகுப்பு எடுத்திருக்காங்க. அதைத் தவிர நம்ம ஊர் முன்னாள் ரேஸர்கள் நடத்துற பயிற்சிகளும் உண்டு.

இங்கே ஒரு வித்தியாசம் கவனிங்க. டிராக் டே என்றால் டிராக்கை ஒரு நாள் திறந்துவிடுவாங்க, நீங்களா ஓட்டிக்கலாம். பயிற்சி நாள் என்றால் ஒவ்வொரு செஷனுக்கும் முன்னாடி ஒரு பாடம், உள்ளே உங்க பின்னாடி ஒரு பயிற்சியாளர், வெளியே வந்ததும் என்ன தப்பு என்று பேச்சு. முதல் தடவை என்றால் ரெண்டாவதுதான் சரி.

வண்டியைத் தயார் பண்றது

டயர், பிரேக் பேடு, செயின் மூணும் நல்ல நிலையில் இருக்கணும். எந்த இடத்திலும் ஆயில் கசியக் கூடாது. கண்ணாடிகளைக் கழட்டணும், ஹெட்லைட், இண்டிகேட்டர் மேலெல்லாம் டேப் ஒட்டணும். விழுந்தால் கண்ணாடித் துண்டு டிராக்கில் சிதறாம இருக்கத்தான் இது. தண்ணியில் குளிரூட்டுற வண்டி என்றால், சில இடங்களில் கூலண்டை எடுத்துட்டு வெறும் தண்ணி ஊத்தச் சொல்வாங்க, ஏன்னா கூலண்ட் கொட்டினால் ரோடு வழுக்கும். டயர் காத்து எவ்வளவு வைக்கணும் என்று அங்கேயே கேளுங்க. ஓடி ஓடி டயர் சூடாகும்போது அழுத்தம் ஏறும், அதனால கொஞ்சம் குறைச்சு வைப்பாங்க. வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காம திரும்ப ஏத்திக்கணும்.

உடம்புக்கு: முழு முகத்தையும் மூடுற ஹெல்மெட், லெதர் சூட், மணிக்கட்டை மூடுற கிளவுஸ், கணுக்காலுக்கு மேல வர்ற பூட்ஸ், முதுகுக்குப் பாதுகாப்பு அட்டை. சூட் வாடகைக்குக் கிடைக்குமா என்று பதிவு பண்ணும்போதே விசாரிங்க. நம்ம வெயிலில் அந்த சூட்டுக்குள்ள வேர்த்துக் கொட்டும். ஒவ்வொரு செஷனுக்கு நடுவிலும் சூட்டை இடுப்பு வரை கழட்டிட்டு, உப்பு சர்க்கரை கலந்த தண்ணி குடிங்க.

இன்னொண்ணு. சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை மாதிரி பயன்பாட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று போட்டிருக்கும். அங்கே வண்டிக்கு என்ன ஆனாலும் செலவு உங்களுது. இதை மனசில் வச்சுக்கிட்டு ஓட்டுங்க.

கொடிகள்

காலையில் முதல் வகுப்பு இதுதான். மஞ்சள் ஆட்டினால் முன்னாடி ஆபத்து, வேகத்தைக் குறைக்கணும், யாரையும் முந்தக் கூடாது. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தம், மெதுவாகப் பிட்டுக்கு வரணும். மஞ்சளும் சிவப்பும் கோடு கோடா இருந்தால் ரோட்டில் ஆயிலோ வேற வழுக்கலோ இருக்கு. உங்களைக் காட்டிக் கறுப்புக் கொடி என்றால் உள்ளே வாங்க, பேசணும். கட்டம் போட்ட கொடி என்றால் செஷன் முடிஞ்சது. எதுக்காக வேகத்தைக் குறைச்சாலும், பிட்டுக்குத் திரும்பினாலும், கையைத் தூக்கிப் பின்னாடி வர்றவங்களுக்குக் காட்டணும்.

பாடம்

முதல் செஷனில் ஒரே கியர், பிரேக் கிடையாது என்றாங்க. எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போனதும்தான் புரிஞ்சது. பிரேக் இல்லைன்னா வளைவுக்கு எந்த வேகத்தில் நுழையணும் என்று நாமளே முன்கூட்டிக் கணக்குப் போட்டாகணும். நுழைஞ்சதும் ஆக்ஸிலேட்டரை மெல்லத் திறந்து, வளைவு முடியற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போகணும். அப்போ பாரம் முன் சக்கரத்தில் குவியாது, வண்டி அலையாது. நான் கொல்லிமலையில் பண்ணது இதுக்கு நேர் எதிர். சாய்ஞ்சிருக்கும்போது முன் பிரேக்கை அழுத்தினால் பல வண்டிகள் நிமிர்ந்து, வளைவுக்கு வெளியேதான் போகும்.

ரெண்டாவது பாடம், வண்டியைத் திருப்புறது. இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னாடி தள்ளணும். கேட்க முட்டாள்தனமா இருக்கும். வீட்டுக்குப் போற வழியில் ஆளில்லாத நேர் ரோட்டில் 40 வேகத்தில் லேசாத் தள்ளிப் பாருங்க, வண்டி அந்தப் பக்கமே சாயும். நாம எல்லாருமே தெரியாம இதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கோம். தெரிஞ்சு செஞ்சால், அவசரத்தில் வண்டியைச் சட்டுனு திருப்ப முடியும்.

மூணாவது, கை. பிட்டில் பயிற்சியாளர் என் முழங்கையைத் தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, இது கையா உலக்கையா?" என்றார். கை விறைச்சிருந்தால் கைப்பிடி தன்னால் செய்ய வேண்டிய சின்னச் சின்ன அசைவைத் தடுத்துடறோம். தொடையால் டேங்கை இறுக்கிப் பிடிச்சால் கைக்கு வேலை குறையும்.

நான் டிராக்கை விட்டு வெளியே போன கதை

மூணாவது செஷனில் எனக்குத் தலைக்கனம் வந்துடுச்சு. ஒருத்தரை முந்தணும் என்று ஒரு வளைவுக்குள் வேகமாப் போனேன். டிராக் ஓரத்துப் புல்லைப் பார்த்தேன். அவ்வளவுதான், அதே பழைய கதை. ஆக்ஸிலேட்டர் மூடியாச்சு, கை விறைச்சாச்சு, வண்டி புல்லை நோக்கிப் போச்சு. காலையில் சொன்னது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருந்தது: வெளியே போறது உறுதின்னா, வண்டியை நிமிர்த்தி நேரா போயிடு, முன் பிரேக்கைத் தொடாதே. அப்படியே போய் மண்ணில் நின்னுட்டேன், விழலை. மார்ஷல் கை காட்டின பிறகு மெதுவாகப் பிட்டுக்கு வந்தேன்.

பயிற்சியாளர் திட்டலை. "என்ன பார்த்தே?" என்று மட்டும் கேட்டார்.

"புல்லைப் பார்த்தேண்ணா."

"அப்போ வண்டி சரியாத்தான் போயிருக்கு."

அந்த பஸ் டிரைவர் கத்தினது அப்போதான் எனக்கு முழுசா விளங்கிச்சு. பயம் வந்தால் கண் ஆபத்தில் போய் ஒட்டிக்கும், கண் போற இடத்துக்கு வண்டி போகும். இதுக்கும் பயிற்சி இருக்கு. திரும்பத் தொடங்குற புள்ளியை முதல்லயே குறிச்சுக்கணும். அந்தப் புள்ளியை அடையறதுக்குள்ளயே பார்வையை அங்கிருந்து எடுத்து, வளைவுக்குள் அடுத்து போகவேண்டிய இடத்தில் வைக்கணும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் போயிடும். சக்கரத்துக்கு முன்னாடி இருக்கறதைப் பார்த்தால், அது ஏற்கெனவே கடந்து போன சமாச்சாரம்.

கடைசி ரெண்டு செஷனில் இதை மட்டும்தான் செஞ்சேன். வேகமானியைப் பார்க்கவே இல்லை. முதல் செஷனைவிட நிதானமாப் போறோம் என்றுதான் நினைச்சேன். கூட வந்த நண்பர் கடிகாரத்தைக் காட்டினார், ஒரு சுற்றுக்கு 14 நொடி குறைஞ்சிருந்தது.

கடைசியா

அன்னைக்கு அஞ்சு செஷனில் மொத்தம் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டியிருப்பேன். சாயங்காலம் உடம்பு அசந்துடும். கடைசி செஷனில் அசதியா இருந்தால் உள்ளே போகாதீங்க, காசு போச்சே என்று பார்க்காதீங்க. முடிஞ்சால் வண்டியை ஏத்திட்டு வர ஒரு ஆள் கூட இருக்கட்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில், டிராக் மயக்கத்தோட ஓட்டறது ரொம்ப ஆபத்து. ரோட்டில் மஞ்சள் கொடி காட்ட யாரும் நிக்க மாட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி கொல்லிமலை போனேன். அதே வளைவு, எதிரில் ஒரு வேன் வந்தது. பார்வை ஒரு நொடி வேன் மேல போச்சு, அப்புறம் வளைவுக்குத் திரும்பிச்சு. வண்டி என் ஓரத்திலேயே போச்சு. பார்த்தவங்களுக்கு அதில் விசேஷமா எதுவும் தெரிஞ்சிருக்காது.

டிராக்குக்குப் போயிட்டு வந்தவங்க உங்க அனுபவத்தைக் குரல் பதிவா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் ரோட்டில் பிரேக் பிடிக்கறது எப்படி என்று பார்ப்போம். பார்த்துப் போங்க மக்களே, வணக்கம்.