கையுறை மாட்ட எத்தனை விநாடி?

2020ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, கொவிட்-19 பரவலுக்கு நடுவே சிங்கப்பூரில் பொதுத் தேர்தல் நடந்தது. ஏறக்குறைய 2.65 மில்லியன் வாக்காளர்கள் ஒரே நாளில் வீட்டைவிட்டு வெளியே வந்து வாக்களிக்க வேண்டியிருந்தது. இங்கு வாக்களிப்பது சட்டப்படி கட்டாயம். கிருமிக்குப் பயந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கு வழியில்லை. வரச் சொல்லிவிட்டால், வருபவரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டிய பொறுப்பும் அழைத்தவருக்கு உண்டு.

ஏற்பாடுகள் விரிவாகவே இருந்தன. 880ஆக இருந்த வாக்களிப்பு நிலையங்கள் 1,100ஆக உயர்த்தப்பட்டன. ஒரு நிலையத்துக்குச் சராசரியாக 3,000 வாக்காளர்கள் என்பது 2,400ஆகக் குறைந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரப் பிரிவு ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. காலை 8 மணியிலிருந்து நண்பகல்வரை மூத்தோருக்கு ஒதுக்கப்பட்டது. வாசலில் உடல் வெப்பநிலையைச் சோதித்தார்கள். வரிசையில் ஒரு மீட்டர் இடைவெளி விடச் சொன்னார்கள். கையைக் கிருமிநாசினியால் துடைத்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கையுறையை மாட்டிக்கொண்டுதான் வாக்குச்சீட்டைத் தொட வேண்டும் என்பது விதி.

அன்று காலை பல நிலையங்களில் வரிசை எதிர்பார்த்ததைவிட நீண்டுவிட்டது. மூத்தோர் பலர் நெடுநேரம் நிற்க வேண்டியதாயிற்று. குறித்த நேரத்திற்கு வெளியே வந்தவர்களும் கூட்டத்தைக் கூட்டினார்கள். வரிசையை விரைவுபடுத்த, கையுறை கட்டாயமில்லை என்று தேர்தல் துறை அன்றைக்கே அறிவித்தது. இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய வாக்களிப்பு 10 மணிவரை நீட்டிக்கப்பட்டது.

பாதுகாப்புக்காகக் கொடுத்த கையுறை, கூட்டத்தை உண்டாக்கும் பொருளாக மாறியது எப்படி? இந்தக் கேள்விக்குள் இரண்டு அறிவியல் பாடங்கள் உள்ளன. ஒன்று வரிசையைப் பற்றியது, மற்றொன்று கிருமியைப் பற்றியது. தேர்தல் பணியாளருக்குத் தரும் பயிற்சியில் இரண்டும் இடம்பெற வேண்டும்.

வரிசையின் கணக்கு

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு மேசைக்கு 30 விநாடிக்கு ஒருவர் என்ற சராசரியில் ஆட்கள் வருகிறார்கள். ஒருவரைக் கவனித்து அனுப்ப 25 விநாடி ஆகிறது. மேசைக்கு ஒவ்வொரு முறையும் 5 விநாடி மிச்சம். ஆனாலும் ஆட்கள் மணி அடித்ததுபோல் சீராக வருவதில்லை. மூவர் சேர்ந்து வருவார்கள், பிறகு ஒரு நிமிடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். கவனிக்கும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிடும் எளிய சூத்திரப்படி, ஒருவர் வரிசையில் நிற்கும் சராசரி நேரம் ஏறக்குறைய 2 நிமிடம்.

இப்போது கையுறை மாட்ட 4 விநாடி கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 விநாடி 29 ஆகிறது. காத்திருப்பும் 4 விநாடிதானே கூடும் என்று நினைப்போம். அதே சூத்திரம் தரும் விடை 14 நிமிடம்! இன்னும் 2 விநாடி கூட்டி 31 ஆக்கினால், மேசை ஒருபோதும் வரிசையை எட்டிப்பிடிக்காது. மணிக்கு 120 பேர் வருகிறார்கள், 116 பேர்தான் வெளியேறுகிறார்கள். வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

குழாயடியில் வாளி வைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். தண்ணீர் விழும் வேகத்துக்கும் மொள்ளும் வேகத்துக்கும் இடைவெளி குறையக் குறைய, சின்னத் தடங்கலும் வாளியை வழியவைத்துவிடும்.

2,400 பேர் 12 மணி நேரத்தில் சீராக வந்தால், ஒரு நிலையத்துக்கு 18 விநாடிக்கு ஒருவர். அவர்களில் பாதிப் பேர் முதல் 3 மணி நேரத்திலேயே வந்துவிட்டால் 9 விநாடிக்கு ஒருவர். அந்த நெரிசலில் கிருமிநாசினி காயாத ஈரக் கையில் மெல்லிய பிளாஸ்டிக் கையுறை ஒட்டிக்கொள்கிறது. விரல் நடுங்கும் முதியவர் அதோடு போராடுகிறார். அவருக்கு ஆகும் விநாடி, பின்னால் நிற்கும் எல்லாருக்கும் நிமிடமாகப் பெருகுகிறது. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அடுத்தவர் மூச்சுக்கு அருகில் நிற்கும் நிமிடம்.

கிருமி எந்த வழியாக வருகிறது?

தொடக்கத்தில் நாம் எல்லாருமே மேற்பரப்பைக் கண்டு அஞ்சினோம். அதற்குக் காரணமும் இருந்தது. 2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வுக்கூடச் சூழலில் இக்கிருமியைப் பிளாஸ்டிக்கின் மீது 72 மணி நேரம்வரையும், அட்டையின் மீது 24 மணி நேரம்வரையும் கண்டறிய முடிந்ததாகக் காட்டியது. மின்தூக்கிப் பொத்தானைச் சாவியால் அழுத்திய காலம் அது.

கிருமி ஒரு பொருளின் மீது இருப்பது வேறு, அது நம்மைத் தொற்றுவது வேறு. மேற்பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு, பொதுவாகத் தொடுகை ஒன்றுக்கு 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. முதன்மையான வழி காற்றுதான். பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் துளிகளில் பெரியவை விரைவில் கீழே விழுகின்றன. மிகச் சிறியவை புகைபோலக் காற்றில் மிதக்கின்றன. காற்றோட்டம் இல்லாத அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும்.

இதை அறிந்த பணியாளர் தம் நிலையத்தையே வேறு கண்ணோடு பார்ப்பார். நம் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளம் நான்கு பக்கமும் திறந்தது. அங்கே காற்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. குளிரூட்டிய மூடிய மண்டபமானால் கதவைத் திறந்துவைக்க வேண்டும், வரிசையை வெளியே நிறுத்த வேண்டும். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. வெளிக்காற்றில் அதன் அளவு மில்லியனில் ஏறக்குறைய 420 பங்கு, நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000 பங்கு. அறைக்குள் இருக்கும் கருவியில் எண் ஏறுகிறது என்றால், நாம் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

கைச் சுத்தம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இக்கிருமியின் வெளியுறை கொழுப்பால் ஆனது. 60 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஆல்கஹால் உள்ள கிருமிநாசினி அந்த உறையைக் குலைத்துவிடும். கையை நன்றாகத் தேய்த்தால் அதற்கு 20 விநாடி போதும். சுத்தமான கையின் மீது கையுறை மாட்டுவதால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம். வரிசை நீள்வதால் இழப்பது அதைவிட அதிகம். அன்று கையுறை கைவிடப்பட்டபோதும் கிருமிநாசினி தொடர்ந்ததில் நியாயம் இருந்தது.

பயிற்சியில் என்ன இருக்க வேண்டும்?

நம் பள்ளிகள் பல தேர்தல் நாளில் வாக்களிப்பு நிலையமாகின்றன. பொதுச் சேவை அதிகாரிகளோடு ஆசிரியர்களும் தேர்தல் பணிக்கு அழைக்கப்படுகிறார்கள். வகுப்பறையில் நாங்கள் தினமும் காண்பது ஒன்றுண்டு. விதியை மனப்பாடம் செய்த மாணவர், கேள்வி சற்று மாறினால் திகைப்பார். காரணம் தெரிந்த மாணவர் புதிய கேள்விக்கும் வழி கண்டுபிடிப்பார். தேர்தல் பணியாளருக்கும் இது பொருந்தும்.

முதலாவது, ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைச் சொல்லித்தர வேண்டும். காய்ச்சல் உள்ளவர்களுக்கும், வீட்டில் தங்கும் உத்தரவு பெற்றவர்களுக்கும் 2020இல் இரவு 7 மணியிலிருந்து 8 மணிவரை தனி நேரம் குறிக்கப்பட்டது. ஏன் கடைசி மணி நேரம்? அவர்கள் விட்டுச்செல்லும் மூச்சை அடுத்து வருபவர் இழுக்கக்கூடாது. அவர்களுக்குப் பின்னர் வருவது துப்புரவுப் பணி மட்டுமே. நேரமே இங்கே சுவராகிறது. இதைப் புரிந்த அதிகாரிக்கு, 7 மணிக்கு முன்னர் பொது வரிசை தீர்ந்தாக வேண்டும் என்பதும் புரியும். தீராவிட்டால் அந்தச் சுவரில் ஓட்டை விழுகிறது.

இரண்டாவது, கழற்றும் பயிற்சி. பாதுகாப்பு உடையை மாட்டும்போது யாரும் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. களைத்துப்போய்க் கழற்றும்போதுதான் கை முகத்துக்குப் போகிறது. கையுறை முதலில், முகக்கவசம் கடைசியில், இறுதியாகக் கைச் சுத்தம் என்பது பொது ஒழுங்கு. வீட்டில் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் கையுறை மாட்டி, அதன் வெளிப்புறத்தில் குழைத்த மஞ்சளைப் பூசிக்கொள்ளுங்கள். மஞ்சள் தோலில் படாமல் கழற்றுங்கள். ஒரு கையுறையின் மணிக்கட்டுப் பகுதியை வெளியிலிருந்து பிடித்து உள்புறம் வெளியே வருமாறு உரித்து, மற்றக் கைக்குள் சுருட்டிக்கொள்ளுங்கள். பிறகு வெறும் விரலை இரண்டாவது கையுறையின் உள்ளே விட்டு, அதையும் அவ்வாறே உரியுங்கள். முதல் முயற்சியில் உங்கள் மணிக்கட்டு மஞ்சளாகிவிட்டால் வருந்தாதீர்கள். பயிற்சி வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

மூன்றாவது, கடிகாரத்தோடு ஒத்திகை. ஒத்திகையில் வாக்காளராக நடிப்பவர் துடிப்பான இளையராக மட்டும் இருந்தால் கணக்குப் பொய்யாகிவிடும். கைத்தடியோடு வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், அடையாள அட்டையைப் பையில் தேடுபவர், காது மந்தமானவர் எல்லாரும் அதில் இருக்க வேண்டும். எந்த மேசையில் விநாடி அதிகம் போகிறதோ, அங்கேதான் மறுநாள் வரிசை தேங்கும்.

நான்காவது, பேசும் முறை. முகக்கவசமும் முகத்தடுப்பும் போட்டுக்கொண்டு பேசினால் குரல் மங்கும். கேட்பவர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது. உடனே நாம் குரலை உயர்த்துகிறோம். உரக்கப் பேசும்போது வெளிவரும் நுண்துளிகள் கூடுகின்றன. பெரிய எழுத்துப் பலகை, கைச்சாடை, சிறு வாக்கியம், வருபவரின் மொழியில் இரண்டு சொல் இவையே அங்கு நல்ல கருவிகள். “ஐயா, இப்படி வாங்க, கையைக் காட்டுங்க” என்பது நீண்ட அறிவிப்பைவிட விரைவாக வேலை செய்யும். முகத்தைச் சரிபார்க்கக் கவசத்தை இறக்கச் சொல்லும் அந்தச் சில விநாடிகளில் இருவருமே பேசாதிருப்பது நல்லது.

ஐந்தாவது, பணியாளரின் இடைவேளை. நாள் முழுதும் கவசத்தோடு கவனமாக இருப்பவர்கள், ஓய்வறையில் கவசத்தைக் கழற்றி ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். கிருமிக்கு வேண்டியது அந்தப் பதினைந்து நிமிடம்தான். முறைவைத்துச் சாப்பிடுவது, திறந்த வெளியில் சாப்பிடுவது, நம் வெயிலில் முழு உடுப்பு அணிந்தவரை அடிக்கடி மாற்றித் தண்ணீர் குடிக்கவைப்பது ஆகியவையும் பாடத்தில் சேர வேண்டும்.

பணியாளர் இல்லையென்றால்?

பணியாளரின் அச்சத்தைப் போக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி காட்டியது. அந்நாட்டு வாக்களிப்புப் பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டியவர்கள். பலர் பணிக்கு வரவில்லை. வழக்கமாக 180 நிலையங்கள் இயங்கும் அந்நகரில் 5 மட்டுமே திறந்தன. மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பணியாளரைக் காக்கத் தவறினால் வாக்குரிமையும் நலியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்த வாரமே, ஏப்ரல் 15ஆம் தேதி, தென்கொரியா தேர்தலை நடத்தியது. அங்கும் வெப்பநிலைச் சோதனை, இடைவெளி, கையுறை எல்லாம் இருந்தன. காய்ச்சல் உள்ளவர்களுக்குத் தனி இடம் தரப்பட்டது. தனிமைப்படுத்தப்பட்டவர்கள் பொது வாக்களிப்பு முடிந்த பிறகு மாலை 6 மணிக்கு மேல் வாக்களித்தார்கள். வாக்களிப்பு விகிதம் 66.2 விழுக்காடு. முன்கூட்டியே வாக்களிக்க இரண்டு நாள் இருந்ததால், வாக்காளர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்துவிட்டார்கள். கையுறை அங்கே வரிசையை முடக்காததற்கு இந்த அவகாசமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, வாக்களிப்பின்வழி தொற்று பரவியதாக எதுவும் தெரியவில்லை என்று அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் கூறினார்கள்.

பயிற்சிக்கும் எல்லை உண்டு. மலேசியாவில் 2020 செப்டம்பர் 26ஆம் தேதி சாபா மாநிலத் தேர்தல் நடந்தது. அதன் பிறகு தொற்று வேகமெடுத்து, ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டின் மொத்த எண்ணிக்கை 100,000ஐத் தாண்டியது. சாபா தேர்தல் இதற்கு ஒரு காரணம் என்று அப்போதைய பிரதமரே ஒப்புக்கொண்டார். வாக்களிப்பு நிலையத்துக்குள் ஒருவர் இருப்பது சில நிமிடம். பிரசாரக் கூட்டமும் விமானப் பயணமும் விருந்தும் பல வாரம். நிலையத்தின் கதவுக்கு வெளியே நடப்பதை எந்தப் பணியாளராலும் சரிசெய்ய முடியாது.

சிங்கப்பூரில் 2020இல் நெரிசலையும் மீறி 95.81 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். கொவிட்-19 தொற்றியவர்களும் தனிமைப்படுத்தும் உத்தரவு பெற்றவர்களும் மட்டும் வாக்களிக்க இயலவில்லை. அவர்களுக்கு விலக்கு தரப்பட்டது. அந்தச் சிறு எண்ணிக்கையையும் அடுத்த முறை பூஜ்ஜியமாக்க முடியுமா என்பது இன்னும் விடை தேட வேண்டிய கேள்வி.

அடுத்து வரும் கிருமி எப்படிப் பரவும் என்று இன்று சொல்ல முடியாது. கையால் பரவும் கிருமியாக இருந்தால், 2020இல் கைவிட்ட கையுறையையே திரும்ப எடுக்க வேண்டியிருக்கலாம். ஆகவே, பழைய விதிப்பட்டியலைப் பத்திரப்படுத்துவது மட்டும் போதாது. கிருமி வரும் வழி எது, அதை அடைக்க எத்தனை விநாடி ஆகும், அந்த விநாடிகளால் வரிசையில் யார் துன்பப்படுவார் என்ற மூன்று கேள்விகளையும் கேட்கத் தெரிந்த பணியாளர்களை இப்போதே உருவாக்கிவைப்போம்.