மறையும் விமானங்கள்

மண்ணை விட்டு எழும்பாமலே விமானம் ஓட்டப் பழகுவதற்கென்று எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் 1929ஆம் ஆண்டில் ஒரு கருவியை உருவாக்கினார். ஆர்கன் வாத்தியம் செய்வது அவருடைய குடும்பத் தொழில்; அவ்வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளே அந்தப் போலி விமானத்தைச் சாய்க்கவும் திருப்பவும் உதவின. துருத்தியின் வேலையை இன்று கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது.

2006ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். அதில் நாம் ஓட்டும் விமானம் ஒன்று. கணிப்பொறி தானே ஓட்டும் விமானங்கள் பல. கால அட்டவணைப்படி அவை புறப்படும்; போய் இறங்கும்; உரிய இடத்தில் நிற்கும். ஆனால், ஒருவர் பல நாள் உழைத்துத் தாமே ஒரு விமான நிலையத்தை வரைந்து சேர்க்கிறார். இறங்கிய விமானமோ சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது. விமானத்தின் மீதே பழியைப் போட்டு வேறொன்றை மாற்றிப் பார்ப்பவர் பலர். பெரும்பாலும் அது வீண் வேலை.

விமானம் இறங்கியதும் கணிப்பொறி அதற்கொரு நிறுத்துமிடம் தேடுகிறது. ஒவ்வோர் இடத்திற்கும் ஓர் ஆரம் குறிக்கப்பட்டுள்ளது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் இறக்கை அகலம் ஏறத்தாழ 80 மீட்டர். அதற்கு 40 மீட்டர் ஆரமாவது வேண்டும். இருப்பதெல்லாம் 18 மீட்டர் என்றால் அது எங்கே போய் நிற்கும்? இடமில்லாத விமானத்தைக் கணிப்பொறி அகற்றிவிடுகிறது.

மாணவ நேயர்களே, இது ஊகந்தானே என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதே அட்டவணையில், அதே நேரத்தில், 11 மீட்டர் அகலமே உள்ள செஸ்னா 172 விமானத்தை அனுப்பிப் பாருங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்; இரண்டை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்தது என்பது விளங்காது. செஸ்னா நின்றுவிட்டால் குறை இடத்தின் அளவில் இருக்கிறது. அதுவும் மறைந்தால், இடங்கள் யாவும் காலியாக உள்ள வேளையில் மீண்டும் அனுப்புங்கள். இப்போது நின்றால், இடங்களின் எண்ணிக்கை போதவில்லை என்று பொருள். அப்பொழுதும் மறைந்தால் பாதையைத்தான் ஐயுற வேண்டும்.

இங்கேதான் கண் ஏமாறும். ஓடுபாதையையும் நிறுத்துமிடத்தையும் சேர்க்கும் வழி, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாக அமைந்தது. இரண்டு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் படத்தில் அவை ஒரே புள்ளியாகத் தோன்றும்; கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு. வழி அங்கே அறுந்துபோகிறது. ஐயத்திற்குரிய புள்ளியைச் சற்றே இழுத்துப் பார்த்தால், எந்தக் கோடு கூடவே வரவில்லை என்பது தெரிந்துவிடும்.

இறங்க வந்த விமானம் இறங்காமல் மேலெழுந்து வட்டமிடுவது வேறு வகை. முன்னே இறங்கியது இன்னும் ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருக்கும். இதற்குப் பரிகாரம் எளிது: இரண்டு வரவுகளுக்கும் இடையே சில நிமிடங்களைக் கூட்டலாம், அல்லது, ஓடுபாதையின் கோடி வரை போகாமல் நடுவிலேயே விலகிச் செல்ல ஒரு கிளைப்பாதை வரைந்து கொடுக்கலாம்.