பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் சமீபத்தில் ஒரு நண்பருடன் பிரயாணம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிட்டிற்று. அவருடைய வாகனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’. தகப்பனார் வாங்கி வைத்துவிட்டுப் போனது. அந்தச் சாலை தொடங்குமிடத்துக்கு அருகே, பெருங்களத்தூர்ப் பக்கத்திலிருந்த தொழிற்சாலையில் 1960-களில் பிறந்த வண்டி. படப்பையைத் தாண்டியதும் அது இருமத் தொடங்கியது. ஒரகடத்தில் நின்றே விட்டது.

கிழ வண்டி நிற்பதற்குத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பாருங்கள்! ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் என்று ஸ்ரீபெரும்புதூரை உலகம் அறியும். இன்றோ அங்கிருந்து ஒரகடம் வரையில் மோட்டார் வண்டிகளே நாள்தோறும் அவதாரம் செய்துகொண்டிருக்கின்றன. பளபளக்கும் புதுக் கார்களை முதுகில் சுமந்த நீண்ட லாரிகள், எங்களைப் பரிதாபமாகப் பார்ப்பதுபோல் கடந்து சென்றன.

“இந்த எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்திவிடலாம் என்று மெக்கானிக் சொல்லுகிறார். நீர் என்ன ஐயா சொல்லுகிறீர்?” என்று நண்பர் கேட்டார்.

“அவசரப்பட வேண்டாம். பழைய கார்களை ஏலம் போடுகிறவர்களைக் கேட்டால் வேறு யோசனை சொல்லுவார்கள்” என்றேன்.

நாங்கள் நின்ற ஒரகடத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். இங்குள்ள தொழிற்சாலையில் 2014 முதல் 2022 வரை ‘டாட்ஸன்’ என்ற பெயரில் சிறு கார்கள் தயாராயின. அதே பெயரைத் தாங்கி ஜப்பானில் முன்னொரு காலத்தில் ‘240 இஸட்’ என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1971-ஆம் வருஷத்து வண்டியொன்று 2020 ஜனவரியில் அமெரிக்காவில் 3,10,000 டாலருக்கு ஏலம் போயிற்று. ஐம்பது வருஷத்தில் அது ஓடியிருந்தது சுமார் 21,000 மைல்தான். பெரும்பாலும் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்திலேயே இருந்தது. அதற்குத்தான் அந்த விலை. புது எஞ்சின் நாளைக்கு எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். கடந்துபோன 1971-ஐ யாரால் செய்ய முடியும்?

ஆகையால் ஏலக்காரர்களின் நிபுணர்கள் முதலில் வண்டியின் அழகைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்க்கிறார்கள். அடிச்சட்டத்தில் ஓர் எண், எஞ்சினில் ஓர் எண். இரண்டும் ஒன்றாகவே தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டவை என்று பழைய பதிவேடு சாட்சி சொன்னால் விலை ஏறும். எஞ்சின் மாறியிருந்தால் இறங்கும். பழைய வர்ணமும் பழைய தோல் மெத்தையும் சற்று மங்கியிருந்தாலும் மதிப்பு உண்டு.

அப்படியானால் மாறுதல் என்பதே பாவமா? அப்படியும் இல்லை. 1962-ஆம் வருஷத்து ‘பெராரி 250 ஜி.டி.ஓ.’ ஒன்று 2018-இல் கலிபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலர் பெற்றது. அதன் மேலுடல் பிறந்தபோது இருந்ததன்று! 1964-இல், பெராரிக்கு உடல் கட்டித் தந்த ஸ்காலியெட்டி பட்டறையிலேயே புதுப் பாணியில் மாற்றப்பட்டது. அந்த உடலுடன் அது மேலும் பந்தயங்களில் ஓடிற்று. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் பழையவையே. ஆகவே அந்த மாறுதலும் வண்டியின் சரித்திரமாகிவிட்டது.

இன்னும் விசித்திரமான கதை ஒன்று உண்டு. 1929, 1930 ஆகிய இரண்டு வருஷங்களிலும் பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் வென்ற ‘பென்ட்லி’ காரை ஒருவர் ஒரு கோடி ஸ்டர்லிங் பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க இருந்தவர்கள், “பழைய பாகங்கள் சொற்பமே மிஞ்சியிருக்கின்றன, இது அந்தக் கார் அல்ல” என்று பின்வாங்கினார்கள். வழக்கு 1990-இல் லண்டன் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. பாகங்கள் மாறினாலும் வண்டியின் வாழ்வு இடையறாமல் தொடர்ந்திருக்கிறது, ஆகையால் அந்தப் பெயர் அதற்கே உரியது என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

நமக்கு இது புதிய தத்துவம் அல்ல. கோயில் தேரின் அச்சு முறிந்தால் புது அச்சுப் போடுகிறோம். திருவாரூர்த் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரம் செய்து கொடுத்தது. அதனால் அது ஆழித் தேர் இல்லை என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா?

நம் நாட்டில் பழைய கார்கள் பட்ட பாடு தனிக் கதை. சுதந்திரத்துக்குப் பின் பல்லாண்டு காலம் அந்நிய உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிருந்தது. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலையும் ஏறிற்று. அப்போது எத்தனையோ வண்டிகள் டீஸல் எஞ்சினைச் சுமந்து உயிர் பிழைத்தன. அவற்றை மேல்நாட்டு நிபுணர் பழுது என்று குறித்துக்கொள்வார். ஆனால் அந்தப் பட்டறைத் தொழிலாளிகள் கைவைத்திராவிட்டால் பல கார்கள் பழைய இரும்புக் கடைக்கே போயிருக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கழற்றிய எஞ்சினை ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருக்கலாமே என்றுதான் வருத்தம்.

இப்போது சட்டமும் அசலின் பக்கம் சேர்ந்துவிட்டது. 2021-இல் இந்திய அரசாங்கம் வகுத்த விதிகளின்படி, ஐம்பது வயது கடந்து, பெரிய மாறுதல் எதுவுமின்றி அசல் உருவில் இருக்கும் வண்டிக்கே ‘விண்டேஜ்’ என்ற பதிவு கிடைக்கும். எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களும் கிடைக்கும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடச் சவாரிக்கு உபயோகிக்கக் கூடாது என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் கேட்ட நண்பர், “என் ஹெரால்டுக்கு யார் கோடி கொடுக்கப் போகிறார்கள்?” என்று பெருமூச்சு விட்டார்.

கொடுக்க மாட்டார்கள். ‘ட்ரயம்ப் ஸ்பிட்பயர்’ என்ற ஸ்போர்ட்ஸ் கார் இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கிச் செய்ததுதான் என்றாலும், கொடுக்க மாட்டார்கள். ஆனால் முறை ஒன்றுதான். மறுபடி பழையபடி மாற்றக்கூடிய மாறுதலைச் செய்யலாம். அறுத்து, ஒட்டி, துளைபோட்டுச் செய்வதைத் தவிர்க்க வேண்டும். கழற்றிய திருகாணியையும் எறியலாகாது. தகப்பனார் காலத்து ரசீதுகள் இருந்தால் நகையைப் போல் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். வண்டியின் வாழ்வுக்கு அவைதான் சாட்சி.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில் மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர், தொழிற்சாலைச் சட்டையுடனேயே குனிந்து, கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். உள்ளே ஒரு சிட்டிகைத் தூசி! எஞ்சின் கனைத்துக்கொண்டு கிளம்பிற்று.

“தம்பி, இதற்குப் புது எஞ்சின் போடலாமா?” என்று நண்பர் கேட்டார்.

“எதற்கு சார்? இதுதான் ஓடுகிறதே!” என்றார் அந்த இளைஞர்.