மதர்போர்டில் எதற்குக் காசு போடலாம்?

டீ வரட்டும் தம்பி, அதற்குள் அந்தப் பார்ட்ஸ் லிஸ்டைக் காட்டுங்கள். கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடித்து மதர்போர்டில் கொட்டியிருக்கிறீர்களே! கேட்டால், "பின்னால் அப்கிரேடு பண்ணணுமே அண்ணா" என்பீர்கள். ஒரே ப்ராசஸர், ஒரே கார்டு என்றால் சுமாரான போர்டிலும் ஆடம்பரப் போர்டிலும் கேம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடும்.

அப்கிரேடு என்றால் முதல் கேள்வி சாக்கெட். ராம், எஸ்எஸ்டி, கார்டு எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சாக்கெட்டை மாற்ற வழியில்லை. 2017-ல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பி350 போர்டு வாங்கியவர்கள், 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை, பயாஸ் அப்டேட் கிடைத்த போர்டுகளில் அப்படியே மாட்டிக்கொண்டார்கள். அதே 2017-ல் இன்டெல் பக்கம் நடந்ததையும் பாருங்கள். ஜனவரியில் ஏழாம் தலைமுறையும் இசட்270 போர்டும் வந்தன. அக்டோபரில் எட்டாம் தலைமுறை. சாக்கெட்டில் அதே 1151 பின்தான், ப்ராசஸர் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. வருஷம் முடிவதற்குள் போர்டு பழசாகிவிட்டது.

இன்றைக்கு ஏஎம்5 பக்கம்தான் என் சாய்வு. 2022-ல் ரைசன் 7000-உடன் வந்தது, 9000 வரிசையும் அதிலேயே உட்காருகிறது, 2027-ஐத் தாண்டியும் தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ 1700, பதினான்காம் தலைமுறையோடு நின்றுவிட்டது. 2024 அக்டோபரில் வந்த ப்ராசஸர்களுக்கு 1851 என்று வேறு சாக்கெட். 1700 போர்டு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பாதை எங்கே முடிகிறது என்று தெரிந்து வாங்குங்கள்.

அடுத்தது, யாரும் பார்க்காத விஆர்எம், அதாவது ப்ராசஸருக்கு வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் பகுதி. பவர் சப்ளையிலிருந்து வருவது 12 வோல்ட். ப்ராசஸர் குடிப்பது ஒன்றேகால் வோல்ட் சுமாருக்கு. 120 வாட்டை அந்த வோல்டேஜில் கொடுக்க ஏறத்தாழ 100 ஆம்பியர் பாய வேண்டும். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன மாஸ்ஃபெட்டுகள்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. இப்போது 65 வாட் ரைசன் 5 போடுவீர்கள், எந்தப் போர்டும் தாங்கும். நாளைக்கு 170 வாட் ரைசன் 9 மாட்டினால்? ஃபேனுக்கும் லைட்டுக்கும் இழுத்த வயரில் ஏசி மாட்டிய கதைதான். சூடு ஏறும், ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதிலும் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத மாடி அறை என்றால் கேட்கவே வேண்டாம். மாஸ்ஃபெட் மேல் கனமான அலுமினிய ஹீட்சிங்க் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்ஜிபி விளக்குக்குக் கொடுக்கும் காசு இதற்குப் போகட்டும்.

நாலு ராம் ஸ்லாட் இருக்கிறது, இப்போது இரண்டு, பிறகு இரண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். டிடிஆர்5-ல் அது சரிவராது. ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200. நாலும் போட்டால் 3600. இப்போதே 16 ஜிபி இரண்டாக வாங்கிவிடுங்கள். பின்னால் போதவில்லை என்றால் அதை விற்றுவிட்டு 32 இரண்டு. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டைக் குறையாக நினைக்கவே வேண்டாம்.

எம்.2 ஸ்லாட் இரண்டு போதும். சில போர்டுகளில் இரண்டாவதில் எஸ்எஸ்டி சொருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் செத்துவிடும். மேனுவலில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் விடாதீர்கள். புது ப்ராசஸரைப் பழைய பயாஸுக்கு அடையாளம் தெரியாது, திரை கறுப்பாகவே நிற்கும். இந்தப் பட்டன் இருந்தால் ப்ராசஸரே இல்லாமல், பென் டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றிவிடலாம்.

ஆக, ஏஎம்5-க்கான பி650 அல்லது பி850 போர்டுகளில் இவையெல்லாம் உள்ள ஒன்று போதும், மிச்சக் காசு கார்டுக்குப் போகட்டும். பணம் கொடுக்கும் முன் போர்டின் முழுப் பெயரையும் கம்பெனி தளத்தில் தட்டி ப்ராசஸர் பட்டியலைப் பாருங்கள். பெட்டியிலோ போர்டு ஓரத்திலோ ரெவ் 1.0, 1.2 என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் அந்த ரெவிஷனுக்கான பட்டியலைத்தான் பார்க்க வேண்டும், பயாஸ் ஃபைலும் அதற்குரியதைத்தான் இறக்க வேண்டும்.