ரிவர்ஸ் விழவில்லையா? என்ஜினை நிறுத்திப் பாருங்கள்

உழவின் நடுவில் டிராக்டரைப் பின்னுக்கு எடுக்கப் போகிறீர்கள். ரிவர்ஸ் கியர் விழவில்லை, கரகரன்னு சத்தம். உடனே கியர் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிடாதீர்கள். கோளாறு கிளட்சிலும் இருக்கலாம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, என்ஜினை அணையுங்கள். கிளட்சை முழுசா மிதித்து ரிவர்ஸ் போடுங்கள். பல்லோடு பல் முட்டினால், வேறொரு கியரை ஒரு தரம் போட்டு எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இப்போது சுலபமாக விழுந்து, என்ஜின் ஓடும்போது மட்டும் கரகரத்தால், கிளட்ச் முழுசா விலகவில்லை என்று அர்த்தம். பல டிராக்டர்களில் ரிவர்ஸ் பற்கள் சுற்றாமல் நின்றால்தான் ஒன்றோடொன்று சேரும். பெடலின் வெற்று ஆட்டம் கூடியிருக்கிறதா என்று பார்த்து, கையேட்டில் சொன்ன அளவுக்குச் சரிசெய்யுங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்கித் தேய்ந்துபோகும். சரிசெய்தும் கரகரத்தால் தட்டையே சோதிக்கணும்.

என்ஜின் நின்றபோதும் விழாவிட்டால்? லிவரின் அடிமுனை தேய்ந்திருக்கலாம். இரண்டு கியர் ஒரே நேரத்தில் விழாமல் தடுக்கும் பூட்டு சிக்கியிருக்கலாம். இது மெக்கானிக் வேலை. முதலில் லிவர் பக்கத்து மூடியை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

லிவரை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். ஒரு பல் உடைந்து எண்ணெயில் விழுந்தால் மற்றப் பற்களும் கெடும். கோளாறு தீரும்வரை கிணற்று மேட்டை நோக்கி வண்டியை ஓட்டிப் போகாதீர்கள். அங்கே பின்னுக்கு வர முடியாவிட்டால் உயிருக்கே ஆபத்து.