படகுக்குப் புது எஞ்சினா, பழசா? கரையிலேயே பார்த்துவிடுங்கள்!

பழையார், திருமுல்லைவாசல், பூம்புகார் என சீர்காழி தாலுகாவின் கடற்கரை நெடுக, சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள்தான் அதிகம். எஞ்சின் நின்றால் இவற்றில் தொழிலும் நின்றுவிடும். படகுக்காரர் மட்டுமல்ல, பங்குக்குப் போகும் மூன்று நான்கு பேரின் வீட்டிலும் அன்று அடுப்பு யோசிக்கும்.

பழைய எஞ்சின் கைவிட்டுவிட்டால், 'புதுசு வாங்கலாமா, யாராவது விற்கும் பழசையே வாங்கலாமா?' என்ற பேச்சு வீட்டுக்குள்ளும் வந்துவிடும். அடகுக்குப் போவது வீட்டுப் பெண்களின் நகைதானே!

பழசு விலை குறைவு, உண்மைதான். ஆனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை வருஷம் ஓடியது?' என்பதல்ல, 'எப்போதாவது தண்ணீரில் மூழ்கியதா?' என்பதுதான். முகத்துவாரத்தில் அலை அடித்துப் படகு கவிழ்ந்தால் எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் போய்விடும். உடனே பிரித்துக் கழுவி ஆயில் விட்டிருந்தால் பிழைக்கும். இல்லையென்றால் பேரிங்கில் துரு உட்கார்ந்து, சில மாதம் கழித்து நடுக்கடலில் வேலையைக் காட்டும். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் கூடட்டும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியதே... வெள்ளத்தில் கிடந்த எஞ்சின் என்றாலும் இதே கதைதான்.

மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துப் போங்கள். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் உஷார்! ஆறவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அவுட்போர்டு என்றால் தண்ணீர் டிரம்மில் இறக்கித்தான் ஓட்ட வேண்டும். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால், சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கும்போது சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். பில் இருக்கிறதா, அதிலுள்ள நம்பரும் எஞ்சின் நம்பரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். அந்த மாடலுக்கு உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா என்பது அதைவிட முக்கியம்.

சரி, புதுசே வாங்கிவிடலாம் என்றால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி எஞ்சின் எடுத்தால், கடன் தீரும்வரை மீனை அவரிடமே, பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும். எஞ்சின் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அதற்கு முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்ற பெயரில் 40 சதவீத மானியத்தில் எஞ்சின் வழங்கும் திட்டம் தமிழக அரசிடம் உண்டு. இந்த ஆண்டுக்கு விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று நேரில் கேட்பது நல்லது. படகுப் பதிவு நடப்பில் இருக்கட்டும்.

தினமும் கடலுக்குப் போகும் ஒரே எஞ்சின் என்றால் என் ஓட்டு புதுசுக்குத்தான். கூடுதலாக ஒன்று, அவசரத்துக்கு என்றால் பழசு போதும். அதுவும் உங்கள் ஊரிலேயே, உங்கள் கண்ணெதிரே ஓடிய எஞ்சினாக இருந்தால் நல்லது.

எதை வாங்கினாலும், அவுட்போர்டு என்றால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் ஓடுவதாக இருந்தால், நிறுத்தும் முன் சற்று நேரம் பெட்ரோலில் ஓட்டி நிறுத்துங்கள். மறுநாள் விடிகாலை கயிற்றை இழுத்து இழுத்துக் கை வலிக்காது.